எட்டாவது தெருவின் தோள்

அசதியில் நல்ல அசதி, கெட்ட அசதி என்று இரண்டு உண்டு. ரோஸ்லினுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் எழுந்து, தெருக்கோடி மைதானத்தைச் சுற்றி மூச்சு வாங்க ஓடிவிட்டு, காலை நீட்டி உட்காரும்போது வருகிறதே, அது நல்ல அசதி. உடம்பு முழுக்க வலிக்கும், மனசு மட்டும் லேசாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு டீ கிடைத்துவிட்டால் உலகத்தில் யார் மேலும் கோபம் வராது. கெட்ட அசதி என்பது ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்த பிறகு வருவது. அவள் ஓடாத ஓட்டத்துக்கு வருவது.

எல்லாம் இந்தத் 'தோள்' வந்த பிறகுதான். விளையாடுகிறவர்கள் தொடையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள், பார்க்கிறவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை. ஓடுகிறவளுக்கு வரவேண்டிய அசதி பார்க்கிறவர்களுக்குப் பிரிந்து போய்விடும். அவள் கடைசி விசில் வரைக்கும் முதல் நிமிடம் போலவே பறப்பாள். 'கைதட்டினால் போதுமா? தோள் கொடுங்கள்!' என்று பஸ்ஸுக்கு பஸ் விளம்பரம். கால்பந்தே உயிராக இருக்கிற வியாசர்பாடிக்காரர்களிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பார்களா? கைக்குழந்தைகளைத் தவிர எட்டாவது தெருவில் எல்லோர் கையிலும் பட்டை ஏறிவிட்டது. தெருப் பெண்கள் அணிக்குத் தெருவே தோள்.

மேட்ச்சுக்கு மறுநாள் அந்தத் தெருவைப் பார்க்கவேண்டும். பால்காரர் வெயில் ஏறிய பிறகுதான் வருவார். ஆட்டோக்காரர் பின்சீட்டில் குறட்டை விடுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தூங்க, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒருத்தராவது அலுத்துக்கொள்ளவேண்டுமே! "எனக்கு ரெண்டு கெண்டைக்காலும் கழண்டுபோச்சுப்பா" என்று ஒருத்தர் சொன்னால், "உனுக்குக் கெண்டைக்காலு. எனுக்கு இடுப்பே இல்ல" என்பார் இன்னொருத்தர். வலிதான் பெருமை. ரோஸ்லினின் கணவர் அமலதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிரேன் மேல் கண் அசந்ததால், பட்டை கட்டவே கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்த அவமானத்தில் மனுஷன் மேட்ச் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்.

அவர் பங்கையும் சேர்த்து நான் சுமக்கிறேன் என்றுதான் ரோஸ்லின் நினைத்துக்கொண்டிருந்தாள். சுமக்கமாட்டாளா? அணியின் வலது பக்கத்தில் பறக்கிற ஜெனிட்டா அவள் பெற்ற பெண். மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஜெனி பாட்டுப் போட்டு ஆடுவாள், இரண்டு தட்டு சோறு சாப்பிடுவாள், மறுபடியும் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவாள். ரோஸ்லின் கட்டிலில் குப்புறக் கிடப்பாள். ஏற்றுமதி கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைகளைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. அதற்கு மேல் இது. விடியற்காலை ஓட்டம் தேய்ந்து, வாரத்துக்கு ஒரு நாளாகி, இப்போது அதுவும் நின்றுவிட்டது. ஓடக் கூப்பிட வாசலுக்கு வரும் கஸ்தூரியிடம், "நாளைக்குப் பாக்கலாம்டி" என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிடுவாள்.

என் பிள்ளையின் அசதிதானே, எனக்கு வரட்டும். இப்படித்தான் எட்டாவது தெருவில் எல்லாத் தாய்மார்களும் நினைத்தார்கள்.

அரையிறுதியின்போதுதான் புதுசாக ஒன்று வந்தது. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். ரோஸ்லினுக்கு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி ஓர் இறுக்கம். தாடை வரைக்கும் இழுத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் விட்டது, மறுபடி பிடித்தது. எத்தனையோ வருஷமாக ஓடிப் பழகியவள் அவள். கால் அசதி, மூச்சு அசதி, வயிற்றுப் பிடிப்பு எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. இது பயப்பட வேண்டியது.

போச்சுடா, நமக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். ரோஸ்லினை டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஓடி முடித்ததும் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இந்த வயசுல இப்படி ஒரு இதயத்த நான் பாத்ததில்ல."

"அப்ப அந்த வலி?"

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். "தோள் கட்டுறீங்களா?"

"ஆமா. எம் பொண்ணு ஆடுறா."

டாக்டர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "நானும் கட்டிட்டுத்தான் இருந்தேன். டூட்டியில நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், கழட்டிட்டேன். அசதின்னா என்னன்னு நெனைக்கிறீங்கம்மா? உடம்பு மூளைக்கு அனுப்புற சேதி அது. 'போதும், நிறுத்து'ன்னு. இந்தப் பட்டை அசதியைக் கொறைக்கிறதில்ல. சேதியை மட்டும் வேற வீட்டுல கொண்டுபோய்ப் போட்டுடுது. கால் தேயறது தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இதயம் கஷ்டப்படுறது கஷ்டப்பட்டுக்கிட்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டியவங்களுக்கு மட்டும் தெரியாது."

ரோஸ்லின் மணிக்கட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இந்த வலி..."

"உங்களோடது இல்ல. யாரு அனுப்புறாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க. சும்மா படுக்க வெச்சுப் பாத்தா தெரியாது, ஓட விட்டுப் பாக்கணும். அடுத்த வாரத்துக்குத் தேதி குடுக்குறேன். அதுவரைக்கும் அவங்க ஓடக்கூடாது, பந்தைத் தொடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ரயில்வேயிலிருந்து செலக்டர்கள் வரப்போகிறார்கள். ஒரு பெண்ணை எடுப்பார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த ஒரு பெண் ஜெனிதான் என்று கோச் மாசிலாமணி முதற்கொண்டு எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தாளாது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா! இங்க பாரு, இங்க பாரு" என்று ஜெனி கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடிக் காட்டினாள், குதித்துக் காட்டினாள். ஒண்ணும் இல்லாமல் தெரிவதுதானே வியாதி என்று ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கேட்கவில்லை. ரோஸ்லின் நேரே கோச் வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள்.

கோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா ரோசு, இந்த நேரத்துல கொண்ணாந்து காட்டுற?"

"எம் பொண்ணு உசுரு கோச்."

"நல்லாத்தானே ஆடுறா?"

"அதுதான் கோச் பயமே."

அவர் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, "சரி, பெஞ்சுல உக்கார வைக்கிறேன். கஸ்தூரி பொண்ணு சங்கவிய எறக்குறேன்" என்றார். அன்றிலிருந்து ஜெனி அம்மாவோடு பேசவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். பெற்ற வயிறு எரிந்தாலும் ரோஸ்லின் பிடித்த பிடியை விடவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் விழ இடமில்லை. கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் செலக்டர்கள் இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நுழைவாயிலில் தோள் கம்பெனியின் மேஜை. ரோஸ்லின் ஜெனியின் பெஞ்சுக்கு நேர் பின்னால் போய் நின்றாள். ஜெனி திரும்பிப் பார்க்கவில்லை. தொடையில் பட்டை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் தன் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். தன் மகள் ஆடாவிட்டால் என்ன, தெரு ஆடுகிறதே. இன்றைக்கு நமக்கு ஒன்றும் பெரிதாக வராது என்றும் நினைத்தாள்.

விசில் ஊதினார்கள். சங்கவி முதல் பந்தை வாங்கிக்கொண்டு வலது ஓரமாகச் சிட்டாய்ப் பறந்தாள். கூட்டம் ஓவென்று எழுந்தது.

ரோஸ்லினின் நெஞ்சில் முழங்கால் ஏறியது.

அதே வலி. அதே தாடை இழுப்பு. முன்னால் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெனி இதோ எதிரில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் இது எங்கிருந்து வருகிறது? இடித்துப் பிடித்துக்கொண்டு கம்பெனி மேஜைக்குப் போனாள். மஞ்சள் பனியன் போட்ட ஓர் இளைஞன் சிரித்த முகமாக நிமிர்ந்தான்.

"தம்பி, எம் பொண்ணு பெஞ்சுல குந்தினு கீறா. எனக்கு எப்டிப்பா அசதி வருது?"

"உங்க பொண்ணோடதுதான் உங்களுக்கு வரும்னு யாரு மேடம் சொன்னாங்க?" அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "இது பொதுத் தொட்டி மாதிரி. பதினோரு பேரோட அசதியும் ஒண்ணாப் போய் விழும். அப்புறம் ஆளுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு அனுப்புவோம். ஆப்ல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே?"

"அதெல்லாம் யாருப்பா படிக்கிறது? எல்லா அம்மாவும் தம் புள்ளையோடதுன்னுல்ல கட்டியிருக்கோம்!"

அவன் அவள் மணிக்கட்டில் தன் கருவியை வைத்துப் பார்த்தான். "அடேங்கப்பா! நீங்க ரன்னரா? அதான். தெம்பா இருக்கறவங்களுக்குக் கனமானதை அனுப்பும் மேடம். இந்த மைதானத்துலயே கனமான பங்கு உங்களுக்குத்தான். பெருமைப்படணும்."

"இந்த நெஞ்சுவலி யாரோடதுன்னு சொல்லு."

"அது சொல்ல முடியாது மேடம், தனியுரிமை. வேணும்னா உங்களுக்கு வராம மாத்தி விட்டுடறேன். நாலு பேருக்குப் பிரிச்சுட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாதாம். ரோஸ்லின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மாத்தாத. எனக்கே வரட்டும்."

திரும்பி வந்து நின்றவள் பந்தைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்தாள், ஒவ்வொருத்தியாக. கோல்கீப்பர் பாய்ந்தபோது ஒன்றும் இல்லை. நடுவில் ஆடுகிற பெண் ஓடியபோது கெண்டைக்கால் வலித்தது, அவ்வளவுதான். பந்து வலது ஓரத்துக்குப் போனது. சங்கவி ஓடினாள், ரோஸ்லினுக்கு மூச்சு அடைத்தது. சங்கவி நின்றாள், மெல்ல விட்டது. சங்கவி மறுபடி ஓடினாள். ஐயோ ஆண்டவரே என்று ரோஸ்லின் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அரையிறுதியிலும் இரண்டாவது பாதியில்தானே வலி வந்தது? சங்கவியை முதல்முறையாக இறக்கியதே அப்போதுதானே! தாய் மனசு வேறு யாரையும் நினைத்துப் பார்க்கவில்லை. பதினோரு பிள்ளைகள் ஓடுகிறார்கள், அவளுக்குத் தெரிந்தது ஒரு பிள்ளைதான்.

ஜெனிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத பெண்ணைத்தான் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் நோய் இருக்கிற பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள். இதுவும் தன்னால்தான் என்று நினைத்தபோது ரோஸ்லினுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

குனிந்து ஜெனியின் காதில் சொன்னாள். ஜெனி ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் உதடு துடித்தது.

"அப்ப நான் ஆடியிருக்கலாம்."

"ஆமாடி."

"எல்லாம் போச்சு."

"ஆமாடி கண்ணு. நாந்தான் கெடுத்தேன்."

ஜெனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரகசியமாக, வேகமாகப் பேசினாள். "அம்மா, வாயத் தொறக்காத. எனுக்குக் கெடைக்கலன்னு பொறாமையில பேசுறன்னு சொல்லுவாங்க. நாந்தான் உன்னைப் பேச வெச்சேன்னு சொல்லுவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல தலை காட்ட முடியாது."

அந்த நேரம் பார்த்து சங்கவி கோல் அடித்தாள். மைதானம் வெடித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கஸ்தூரி ஓடிவந்து ரோஸ்லினைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஓடிய விடியற்காலைகள் எத்தனையோ. "பாத்தியாடி எம் பொண்ண! அந்தத் தொப்பிக்காரங்க எழுந்து நின்னு கை தட்டுறாங்க! உன் பொண்ணு ஒடம்பு சரியாவட்டும், அவளும் வந்துடுவா, கவலப்படாத." வாய் கொள்ளாத சிரிப்பு. ரோஸ்லினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. சந்தோஷத்தில் நிற்கிறாள் என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டாள்.

சொன்னால் இந்தச் சிரிப்பு போகும். தோழி போவாள். தெரு போகும். பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் என்ன? இந்த வலி வேறு யாருக்கோ போய்விடும். யாருக்கும் தெரியாது. ரோஸ்லினுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. எத்தனை நாளாகத் தூங்கவில்லை! உண்மையிலேயே கை பட்டைக்குப் போனது.

பாதி நேர விசில் ஊதினார்கள். சங்கவி தண்ணீர் குடித்தபடி, நுனிக்காலில் துள்ளிக்கொண்டு வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், உதடோரம் நீலம் பூத்திருந்தது. ரோஸ்லின் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

"சங்கவி, பட்டையக் கழட்டிட்டு ஆன்ட்டியோட அந்த மூலை வரைக்கும் ஓடி வா கண்ணு. மெதுவா ஓடினா போதும்."

கோச் குறுக்கே வந்தார். "ஏய் ரோசு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? இப்ப இந்தப் பொண்ணா?"

"கோச், அந்த வலி ஜெனியோடது இல்ல. இவளோடது. இவ ஓடும்போதுதான் வருது. பட்டை இல்லாம ஓடினா இவளுக்கே தெரியும், தானா நின்னுடுவா. நிக்கலன்னா என்னை இந்த மைதானத்துலயே சேக்காதீங்க."

கஸ்தூரி வந்து சேர்ந்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோயிருந்தது. "இன்னாடி சொல்ற? உன் பொண்ணுக்குக் கெடைக்கலன்னா எம் பொண்ணுக்கும் கெடைக்கக் கூடாதா? சீ! உன்னைப் போய்க் கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேனே!"

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வயித்தெரிச்சல்பா" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். ரோஸ்லின் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கை கூப்பிக்கொண்டு நின்றாள். தன் தோழியின் முன்னால், தெருவின் முன்னால், அப்படியே நின்றாள்.

பெஞ்சிலிருந்து ஜெனி எழுந்து வந்தாள்.

"ஓடிட்டு வாடி சங்கவி" என்றாள். "அந்த மூலைக்குத்தானே. எங்கம்மா பொய் சொல்றாங்கன்னா இப்பவே தெரிஞ்சிடும். எனுக்கு வாச்ச இடத்தை உனுக்குக் குடுத்தாச்சு, அதைத் திரும்பக் கேக்க மாட்டேன். ஓடிட்டு மட்டும் வா."

சங்கவி அம்மாவைப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "இதுக்கா இவ்ளோ சண்ட? தோ ஓடிட்டு வரேன்" என்று தொடைப்பட்டையைக் கழற்றி ஜெனியின் கையில் கொடுத்தாள். ரோஸ்லினும் தன்னுடையதைக் கழற்றினாள். கழற்றியதும் நெஞ்சு சட்டென்று லேசானது. மிச்சமிருந்தது அவளுடைய சொந்த அசதிதான்.

இருவரும் ஓடினார்கள். ரோஸ்லின் ஓடி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. முழங்கால் முனகியது. சங்கவி "வாங்க ஆன்ட்டி" என்று சிரித்தபடி முன்னால் போனாள். கூட்டத்தில் சிலர் விசில் அடித்தார்கள். ரோஸ்லின் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், ஆண்டவரே, என் மூஞ்சியில் எல்லோரும் துப்பட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓடினாள்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. சங்கவியின் நடை குளறியது. நின்றாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். பிறகு ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்து, அங்கே என்ன இருக்கிறது என்று தேடுகிறவள் போலத் தடவினாள். ரோஸ்லின் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் புல்லில் உட்கார வைத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். விசில் சத்தம் நின்றுவிட்டது. கஸ்தூரி அலறிக்கொண்டு ஓடிவருவது கேட்டது. கோச், யாரையோ ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

சங்கவி வெளுத்த முகத்தை நிமிர்த்தி ரோஸ்லினைப் பார்த்தாள். பயத்தைவிட அதிகமாக அதில் குழப்பம் இருந்தது.

"ஆன்ட்டி... இது யாரோடது?"

ரோஸ்லின் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"உன்னோடதுதாம்மா. இத்தினி நாளா எங்கிட்ட இருந்துச்சு."